எப்போதும் அசதி, ரிப்போர்ட்டில் சில எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவரிடம் ரிப்போர்ட்டை நீட்டி "இது என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களில் பாதிப் பேர் சோதனைக்கு வந்த காரணமே "எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு" என்பதுதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இது ரிப்போர்ட்டைப் படிப்பதற்கான உதவி மட்டும்தான், சிகிச்சைக் குறிப்பு அல்ல. இங்கே வரும் எண்கள் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவுகள் வேறு.

எந்த எண்ணைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, இந்த எண்ணை நம்பலாமா? இரண்டாவது, எனக்கு இருக்கும் இந்த அளவு சோர்வுக்கு இந்த எண் காரணமாக முடியுமா? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

"ரிப்போர்ட்ல மூணு இடத்துல எண்ணு தடிமனா அச்சாகியிருக்கு. அப்போ எனக்கு மூணு நோயா?"

இல்லை. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பு பெரும்பாலும் ஒரே முறையில் வகுக்கப்படுகிறது. ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தைச் சோதித்து, நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் எண்கள் எங்கிருந்து எங்குவரை இருக்கின்றன என்று பார்த்து அதையே வரம்பாக வைக்கிறார்கள். அதாவது நல்ல உடல்நிலையில் இருக்கும் நூறு பேரில் ஐந்து பேர், எந்தச் சோதனையிலும் எப்படியும் வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்தால், ஒரு குறையும் இல்லாதவருக்குக்கூட ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு.

எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்பதுதான் முக்கியம். சோடியத்தின் கீழ் வரம்பு 135 என்றால், 134-ஐயும் 120-ஐயும் அச்சு இயந்திரம் ஒரே மாதிரிதான் தடிமனாக்கும். முதலாவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டாவது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

"அப்போ எல்லாம் வரம்புக்குள்ள இருந்தா கவலையே வேண்டாமா?"

அப்படியும் இல்லை. வரம்பு ஊருக்கெல்லாம் பொது. உங்கள் உடம்பு எப்போதும் நிற்கும் இடம் அதற்குள் ஒரு சிறு பகுதிதான். ஹீமோகுளோபின் பல வருடமாக 15.5 இருந்த ஓர் ஆணுக்கு இப்போது 13.2 வந்தால் ரிப்போர்ட்டில் எந்த அடையாளமும் இருக்காது. ஆனால் இரண்டு கிராமுக்கு மேல் எங்கேயோ போயிருக்கிறது. அது கேள்வி கேட்க வேண்டிய மாற்றம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

"சோர்வுன்னு போனா முதல்ல எதெல்லாம் எடுப்பாங்க? பெரிய பேக்கேஜா எடுத்துட்டா நல்லதுதானே?"

வழக்கமான முதல் சுற்று இதுதான்: ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சோடியம் பொட்டாசியம், கல்லீரல் சோதனை, கால்சியம், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, சிறுநீர்ப் பரிசோதனை. வயது, உணவு, சாப்பிடும் மருந்துகளைப் பொறுத்து பி12, சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) எதிர்ப்பொருள் சோதனை, ஹெபடைட்டிஸ், எச்ஐவி போன்றவை சேரும். சீலியாக் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கோதுமை, பார்லி வகைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாமல், சோர்வு தொடங்கி ஓரிரு வாரம்தான் ஆகிறது என்றால் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அது அலட்சியம் அல்ல. நிறையச் சோர்வு தானாகவே போய்விடும். பெரிய பேக்கேஜ் பற்றிக் கேட்டால், முதல் பதிலில் சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். 80 சோதனை எடுத்தால் நான்கைந்து தடித்த எழுத்து இலவசமாகக் கிடைக்கும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் பத்து சோதனை.

"ரத்தம் கொடுக்குறதுக்கு முன்னாடி என்ன கவனிக்கணும்?"

வெறும் வயிறு முக்கியமாகச் சர்க்கரைக்கும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்புக்கும்தான். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிப்பதே நல்லது. முந்தைய சில நாட்களில் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். தசையிலிருந்து வரும் என்சைம்கள் ஏறி கல்லீரல் கெட்டுவிட்டது போல் காட்டும். சளி, காய்ச்சல் இப்போதுதான் விட்டிருக்கிறது என்றால் சிஆர்பி, ஈஎஸ்ஆர், ஃபெரிட்டின், வெள்ளணுக்கள் எல்லாமே கொஞ்சம் குழம்பியிருக்கும். அவசரமில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கும். சில வகை இயந்திரங்களில் இது சோதனை முறையோடு மோதி, டிஎஸ்எச்சைக் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனை அதிகமாகவும் காட்டிவிடும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கே தைராய்டு மிகைச் சுரப்பு என்று ரிப்போர்ட் வரும். சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

"ஹீமோகுளோபின் 11.2. இதுக்காகவா படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத அளவுக்கு அசதி?"

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை. 11.2 ஒரு பெண்ணுக்கு லேசான ரத்தசோகைதான். மெதுவாகக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். 9 கிராமில் வேலைக்குப் போய் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த எண் மட்டுமே அவ்வளவு அசதிக்குக் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஆனால் ஹீமோகுளோபினைக் குறைத்த காரணம் எதுவோ, அது தனியாகவும் சோர்வைத் தரலாம். இரும்புப் பற்றாக்குறை, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, நாள்பட்ட அழற்சி எல்லாமே அப்படித்தான். ரத்தசோகை என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாமல் "எதனால்?" என்று கேளுங்கள். அதே ரிப்போர்ட்டில் எம்சிவி என்று இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு அல்லது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு பக்கம் பார்ப்பார்கள். 100-க்கு மேலே என்றால் பி12, ஃபோலேட், மது, கல்லீரல், தைராய்டு. இரும்பும் பி12-ம் ஒன்றாகக் குறைந்தால் எம்சிவி நடுவில் நின்று ஒன்றுமில்லாதது போல் நடிக்கும். அப்போது சிவப்பணுக்கள் அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் ஆர்டிடபிள்யூ என்ற எண் ஏறியிருப்பது காட்டிக்கொடுக்கும்.

"ஹீமோகுளோபின் நல்லாத்தான் இருக்கு. ஃபெரிட்டின் மட்டும் 9. இது பெரிய விஷயமா?"

சோர்வோடு வருபவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். ஃபெரிட்டின் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுகிறது. இரும்பு குறையும்போது முதலில் கையிருப்புதான் காலியாகும். ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும். இடைப்பட்ட மாதங்களில் "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இரும்பு தசைகளுக்கும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் என்சைம்களுக்கும் தேவை. ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைந்து, களைப்போடு இருந்த மாதவிடாய் வயதுப் பெண்களுக்கு இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் களைப்பு ஓரளவு குறைந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 15-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்கிறது. 30-க்குக் கீழேயே சந்தேகப்படும் மருத்துவர்கள் பலர். சில ரிப்போர்ட்டுகளில் கீழ் வரம்பு 10 என்றுகூட அச்சாகியிருக்கும். 11 வந்தவருக்கு அங்கே எந்த அடையாளமும் இருக்காது. அதனால் ஃபெரிட்டினில் பக்கத்து வரம்பைப் பார்க்காமல் எண்ணையே பாருங்கள்.

அடுத்த கேள்வி, இரும்பு எங்கே போனது? அதிக மாதவிடாய், பிரசவம், அடிக்கடி ரத்ததானம், சீலியாக் நோய், வயிற்றில் செய்த அறுவை சிகிச்சை, நீண்ட நாள் அமிலக் குறைப்பு மாத்திரை என்று பட்டியல் உண்டு. ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புக் குறைவு வந்தால் இரைப்பை, குடலில் மெதுவாக ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையில் எண் ஏறிவிட்டது என்று அந்தத் தேடலை விட்டுவிடக் கூடாது. குடல் புற்றுநோய் சிலருக்கு இப்படித்தான் முதலில் தெரிகிறது.

"எனக்கு ஃபெரிட்டின் 400. இரும்பு நிறைய இருக்கு, அப்புறம் ஏன் சோர்வு?"

ஃபெரிட்டின் ஏறுவதற்கு இரும்பு நிறைய இருக்க வேண்டும் என்பதில்லை. உடம்பில் அழற்சி, தொற்று, கொழுப்புக் கல்லீரல், மது என்று எது இருந்தாலும் அது ஏறும். இதனாலேயே முந்தைய பதிலில் சொன்ன கணக்கும் சில நேரம் ஏமாற்றும். மூட்டுவாதம் போன்ற நோய் உள்ளவருக்கு ஃபெரிட்டின் 60 வந்தாலும் உள்ளே இரும்பு காலியாக இருக்கலாம். கூடவே சிஆர்பி பார்த்தால் விளங்கும்.

அழற்சியால் ஏறியதா, இரும்பு மிகுதியால் ஏறியதா என்று பிரித்தறிய டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற சோதனை உண்டு. அது 45 சதவீதத்தைத் தாண்டினால், இரும்பு உண்மையிலேயே சேரும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறைத் தேடுவார்கள். அதற்கும் சோர்வும் மூட்டு வலியும் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். எப்படியானாலும், சோர்வு இருக்கிறதே என்று நீங்களாக இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள்.

"எம்சிவி 65. மாசக்கணக்கா இரும்பு மாத்திரை சாப்பிடுறேன், ஒண்ணும் ஏறல."

ஃபெரிட்டின் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். அது நன்றாக இருந்து, சிவப்பணு எண்ணிக்கையும் (மைக்ரோலிட்டருக்கு மில்லியன் கணக்கில்) 5.5, 6 என்று உயரமாக இருந்தால் தலசீமியா மைனராக இருக்கலாம். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து, விடை 13-க்குக் கீழே வந்தால் அந்தப் பக்கம் சந்தேகம் சாயும். இது குறிப்பு மட்டும்தான். உறுதி செய்ய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை தேவை. இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் அந்தச் சோதனையே தடுமாறலாம் என்பதால், முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

தலசீமியா மைனர் பிறப்பிலிருந்து இருப்பது. பெரும்பாலோருக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. போன வருடம் தொடங்கிய சோர்வுக்கு அதைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. குழந்தை பெற நினைப்பவர்கள் துணைவருக்கும் சோதனை செய்துகொள்ள வேண்டும், அதுதான் இதில் முக்கியம்.

"இரும்பு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு பத்து நாளாச்சு. இன்னும் தெம்பு வரலையே?"

ரத்தசோகை இருந்தால், மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏற வேண்டும். அது இயல்புக்கு வந்த பிறகும் கையிருப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். பாதியில் நிறுத்தியவர்கள்தான் ஆறு மாதம் கழித்து அதே எண்ணோடு திரும்பி வருகிறார்கள்.

மாத்திரையோடு தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை வேண்டாம், உறிஞ்சுதல் குறையும். வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த வேளை இரும்பு உள்ளே வருவதைத் தடுக்கிறது. அதனால் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் சேர்கிறது என்று ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. மலம் கறுப்பது மாத்திரையால். மாத்திரை சாப்பிடாதவருக்குத் தார் போல் கறுத்தால் அது வேறு கதை, உடனே போக வேண்டும்.

"பி12 240-னு வந்திருக்கு. வரம்புக்குள்ளதான், ஆனா விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது."

மரத்துப் போவதை நம்புங்கள், வரம்பை அல்ல. பொதுவாக மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே குறைவு என்றும், 200 முதல் 300 வரை சந்தேகப் பகுதி என்றும் கொள்வார்கள். அந்த இடைவெளியில் இருப்பவர்களுக்கு மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் பார்த்தால் செல்லுக்குள் பி12 போதுமா என்று தெரியும். ரத்தசோகை துளியும் இல்லாமல் நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு.

நீண்ட நாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், அமிலக் குறைப்பு மாத்திரைக்காரர்கள், இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்கள், வயதானவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுப்பது ஆபத்து. ரத்தசோகை சரியாகிவிட்டது போல் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

"டிஎஸ்எச் 6.2. தைராய்டுதான் காரணம்னு தெரிஞ்சுடுச்சு இல்ல?"

இன்னும் தெரியவில்லை. டிஎஸ்எச் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குப் போடும் கட்டளை. கட்டளை கொஞ்சம் உரக்க இருந்து, தைராய்டு ஹார்மோனான டி4 இயல்பாக இருந்தால், தைராய்டு இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வழக்கமான வரம்பு சுமார் 0.4 முதல் 4 வரை. வயது ஏற ஏற மேல் எல்லையும் ஏறும். ஒரே நாளில்கூட இரவிலும் விடியற்காலையிலும் அதிகமாகவும், பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். இப்போதுதான் ஒரு நோயிலிருந்து மீண்டவருக்கும் தற்காலிகமாக ஏறும்.

அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து டி4, தைராய்டு எதிர்ப்பொருளோடு மறுபடி பார்ப்பார்கள். கணிசமானவர்களுக்குத் தானே இறங்கிவிடுகிறது. 10-ஐத் தாண்டினால் பொதுவாகச் சிகிச்சை தொடங்குவார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடைப்பட்ட எண்களுக்கு மாத்திரை போட்டால் சோர்வு போகுமா? 2017-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேருக்கு, லேசாக டிஎஸ்எச் ஏறிய நிலையில், பாதிப் பேருக்குத் தைராய்டு மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சோர்வில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. இளவயதுக்காரர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 6.2-ஐப் பார்த்ததும் மற்ற காரணங்களைத் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

"வைட்டமின் டி 14. எல்லாரும் இதுதான் காரணம்ங்கிறாங்க."

20 நானோகிராமுக்குக் கீழே குறைவுதான், ஈடுகட்டலாம். மிகவும் குறைந்தால் எலும்பு வலி, தசை பலவீனம் வரும். மற்றபடி இது அவ்வளவு பரவலான குறைபாடு என்பதால், சோர்வு உள்ளவரிடமும் இருக்கும், இல்லாதவரிடமும் இருக்கும். இதன் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அதிக அளவு ஊசி, மாத்திரைகளை மேற்பார்வை இல்லாமல் எடுத்தால் கால்சியம் ஏறும்.

"கால்சியம் கொஞ்சம் கூட இருக்காம். எலும்புக்கு நல்லதுதானே?"

ரத்தத்தில் கால்சியம் கூடுவது எலும்பின் பலத்தைக் காட்டாது. சில நேரம் எலும்பிலிருந்தே எடுத்து ரத்தத்தில் கொட்டப்படுகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது முக்கியமான காரணம். சோர்வு, தாகம், மலச்சிக்கல், மனச்சோர்வு, சிறுநீரகக் கல் எல்லாம் சேர்ந்து வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவரைப் பார்த்து வருடங்கள் ஓடிவிடும். அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்திப் பார்த்த பிறகும் அதிகமாகவே இருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சோதனை கேளுங்கள்.

"ஈஎஸ்ஆர் 34. உள்ளுக்குள்ள ஏதோ பெரிய நோய் இருக்குமோ?"

வயதைச் சொல்லாமல் ஈஎஸ்ஆருக்கு அர்த்தமில்லை. தோராயக் கணக்கு ஒன்று உண்டு. ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. 60 வயதுப் பெண்ணுக்கு 35 வரை போகலாம், 25 வயது ஆணுக்கு 34 கவனிக்க வேண்டியது. ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் ஏறும். சிஆர்பி அதைவிட வேகமாக ஏறி இறங்குவதால், "இப்போது" அழற்சி இருக்கிறதா என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

"எஸ்ஜிஓடி மட்டும் ஏறியிருக்கு. பிலிரூபின் 1.8. கல்லீரல் போச்சா?"

எஸ்ஜிஓடி கல்லீரல் சோதனையில் பார்க்கும் ஒரு என்சைம், ஆனால் அது தசையிலும் இருக்கிறது. நான்காவது பதிலில் சொன்ன உடற்பயிற்சி விஷயத்தை முதலில் விலக்குங்கள். தசையா கல்லீரலா என்பதை சிகே என்ற சோதனை பிரித்துச் சொல்லும். கொலஸ்டிரால் மாத்திரை எடுப்பவருக்குத் தசை வலியும் சேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் இயல்பாக இருந்து, மறைமுக பிலிரூபின் மட்டும் லேசாக ஏறி, பட்டினி கிடக்கும்போது இன்னும் ஏறினால் அது பெரும்பாலும் கில்பர்ட் எனப்படும் பிறவி இயல்பு. தீங்கில்லாதது.

"பொட்டாசியம் 5.9-னு போன்ல சொல்லி, மறுபடி வரச் சொல்றாங்க. லேப்ல தப்பு பண்ணிட்டாங்களா?"

ரத்தம் எடுக்கும்போதோ எடுத்துச் செல்லும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி எண்ணை ஏற்றிவிடும். ரத்தம் எடுக்கையில் கையை இறுக்கி இறுக்கித் திறந்தாலும் ஏறும். பிளேட்லெட்டிலும் இப்படி ஒன்று உண்டு. குழாயில் உள்ள வேதிப்பொருளால் அவை ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைவாக எண்ணும். கூப்பிட்டால் தாமதிக்காமல் போங்கள், ஏனென்றால் உண்மையான 5.9 இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது.

பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, கூடவே எடை இறக்கம், எழுந்தால் தலைசுற்றல், தோல் கறுத்துவருவது என்று சேர்ந்தால் அட்ரினல் சுரப்பியைப் பார்க்க வேண்டும். அரிதுதான். ஆனால் பல மாதம் "வெறும் சோர்வு" என்று தள்ளப்பட்டு, திடீரென்று உயிருக்கே ஆபத்தாகும் நோய் அது.

"சர்க்கரை நார்மல், ஆனா எச்பிஏ1சி 6.1. எதை நம்புறது?"

எச்பிஏ1சி, சுமார் 120 நாள் வாழும் சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறது. இரும்புக் குறைவு இருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம். ரத்தம் இழந்தவருக்கும் சிவப்பணு சீக்கிரம் அழிபவருக்கும் குறைவாகக் காட்டும். முதலில் ஃபெரிட்டினைப் பாருங்கள். அதைச் சரிசெய்து சில மாதம் கழித்து மறுபடி எடுத்தால் தெளிவாகும். 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு. அந்த எல்லையில் சர்க்கரை மட்டுமே ஒருவரைச் சுருட்டிப் படுக்க வைப்பது அபூர்வம்.

"ஏஎன்ஏ பாசிட்டிவ். தேடிப் பார்த்தா லூபஸ்னு வருது, தூக்கமே போச்சு."

ஏஎன்ஏ, உடம்பு தன் செல்களையே எதிர்த்து உண்டாக்கும் ஒரு வகை எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. ஆரோக்கியமானவர்களிடமே, ரத்தத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:40 அளவில் நான்கில் ஒருவருக்கும் மேலாகப் பாசிட்டிவ் வரும், 1:160 அளவில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு. மூட்டு வீக்கம், வெயிலில் வரும் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போன்ற எதுவும் இல்லாமல் சோர்வு மட்டும் என்றால் இந்த ஒற்றைச் சோதனை பயத்தைத் தவிர அதிகம் தராது. எண் என்ன, எந்த வடிவம் என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

"ரெண்டு லேப்ல ரெண்டு விதமா வருது. யார் சொல்றது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். இயந்திரமும் முறையும் வேறு, சில நேரம் அலகே வேறு. வைட்டமின் டி 20 நானோகிராம் என்பதும் 50 நானோமோல் என்பதும் ஒரே அளவு. போக்கைப் பார்க்க வேண்டிய எண்களை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுங்கள்.

"எல்லா டெஸ்ட்டும் நார்மல். 'ஒண்ணுமில்ல, மனசுதான்'னு அனுப்பிட்டாங்க."

ரத்தத்தில் தெரியாதது இல்லாதது ஆகிவிடாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு எந்த ரத்தச் சோதனையிலும் தெரியாது. குறட்டை, காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் இருந்தால் தூக்கச் சோதனை கேளுங்கள். அலர்ஜி மாத்திரை, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர், நரம்பு வலி மாத்திரை போன்றவை சோர்வைத் தரும். எல்லா மருந்தையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மனச்சோர்வும் உண்மையான காரணம்தான், அதைச் சொன்னால் நம்மை நம்பவில்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் கேட்டு விசாரித்துச் சொல்ல வேண்டும், வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக ஒட்டக்கூடாது.

இன்னொன்று, மயால்ஜிக் என்செபலோமயலைட்டிஸ் எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, தூங்கியும் தெளிவு இல்லாமை, அப்புறம் முக்கியமாக, சிறு வேலை செய்தாலும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து எல்லாமே மோசமாவது. வைரஸ் தொற்றுக்குப் பிறகு பலருக்குத் தொடங்குகிறது. இதை உறுதி செய்யும் ரத்தச் சோதனை கிடையாது. "நல்லா நடங்க, ஓடுங்க" என்ற அறிவுரை மற்றவர்களுக்கு உதவலாம், இவர்களைக் கவிழ்த்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டும் முறையை இவர்களுக்குப் பரிந்துரைப்பதை சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் கைவிட்டது.

"நேரடியாவே கேக்குறேன். இது புற்றுநோயா?"

சோர்வு மட்டும் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் எண்கள் கூட்டாகச் சாட்சி சொல்லும்போது கவனிக்க வேண்டும். அறுபதைத் தாண்டியவருக்கு ரத்தசோகை, உயர்ந்த ஈஎஸ்ஆர், ஏறிய கால்சியம் அல்லது கிரியேட்டினின், முதுகு வலி சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயைத் தேடுவார்கள். ஆறாவது பதிலில் சொன்ன காரணமில்லாத இரும்புக் குறைவும் அப்படி ஒன்று. புற்றுநோய்க் குறியீடு என்று பேக்கேஜில் சேர்க்கும் சோதனைகள் இதற்கு உதவாது. சிஏ-125 மாதவிடாயில்கூட ஏறும், சிஇஏ புகைப்பவருக்கு ஏறும். அவை இயல்பாக வந்தாலும் புற்றுநோய் இல்லை என்று ஆகாது.

"எதுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?"

நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் பலவீனம், ரத்த வாந்தி, கறுப்பு மலம் என்றால் அன்றே, அப்போதே. காரணமில்லாமல் எடை இறக்கம், இரவில் உடை நனையும் வியர்வை, விடாத காய்ச்சல், கட்டிகள், அடிபடாமலே தோலில் வரும் நீலத் தடங்கள் என்றால் அந்த வாரத்துக்குள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வருவதும் முதல் பட்டியலைச் சேர்ந்ததுதான்.

"குறையைக் கண்டுபிடிச்சாச்சு, மாத்திரை சாப்பிட்டாச்சு, எண்ணும் ஏறியாச்சு. சோர்வு மட்டும் அப்படியே இருக்கு."

அப்படியென்றால் அந்த எண் உண்மை, ஆனால் உங்கள் சோர்வுக்கு அது காரணமில்லை, அல்லது அது மட்டும் காரணமில்லை. இது அடிக்கடி நடக்கும். இரும்பு என்றால், ஃபெரிட்டினும் ஏறியதா, ஹீமோகுளோபின் மட்டுமா என்று பாருங்கள். தைராய்டு மாத்திரை என்றால், அளவு மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுத்த டிஎஸ்எச்தான் கணக்கு. அவை சரி என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

மருத்துவரிடம் மறுபடி போகும்போது "இன்னும் சோர்வா இருக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது தொடங்கியது, முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாதது என்ன, வேலை செய்த அன்று மோசமா மறுநாள் மோசமா, இரவில் எப்படித் தூங்குகிறீர்கள், அதே சமயத்தில் எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசைப்படி அடுக்கி, மேலே அந்தத் தாளை வையுங்கள்.